திப்பி நாற்றமும் ஓர் அதிகாரியின் மூக்கும்

எங்கள் கிணற்றை ஒட்டி ஒரு ஜவ்வரிசி ஆலை. மரவள்ளிக்கிழங்கை அரைத்துப் பிழிந்த திப்பியும் கழிவுநீரும் அதன் குட்டையில் அழுகி, மண்ணில் இறங்கி, எங்கள் கிணற்றுக்கு வந்துவிட்டன. அந்த நாற்றத்தைப் பிரித்துச் சொல்வேன்: புளித்த மாவு, கெட்ட முட்டை, வாந்தி, கடைசியாகத் தொண்டையில் ஒட்டும் ஓர் இனிப்பு. அந்த இனிப்பைத்தான் சகிக்க முடியாது.

அப்பா கொடுத்த புகாருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி வந்த அன்று நான் விடுமுறையில் வீட்டில் இருந்தேன். ஆலை மேலாளர் அவரை வாசலிலேயே மடக்கி, குட்டையை ஒட்டிய அறையில் டீ, முறுக்கு, பேச்சு என்று வெகுநேரம் உட்காரவைத்தார். பிறகே கிணற்றுக்குக் கூட்டிவந்தார்.

“பெருசா வாசன ஒண்ணும் தெரியலீங்களே,” என்றார் அதிகாரி.

“பொண்ணு பெங்களூர்ல இருக்குதுங்க சார். நம்மூரு காத்தே அதுக்கு ஒத்துக்காது,” என்று மேலாளர் சிரித்தார்.

நாற்றமில்லை என்று எழுதிவிட்டால் தண்ணீரைச் சோதனைக்கு எடுக்க மாட்டார்கள். எங்களுக்கு வேறு கிணறு கிடையாது.

பெங்களூர் ஆய்வகத்தில் நான் அளப்பதே, ஒரு நாற்றம் எப்படிப் பழகி மறைகிறது என்பதைத்தான். மூக்கு சேதி அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். அது மூளையின் வெளியடுக்கான புறணியை எட்டும் இணைப்பில் ஒரு நரம்பணு அடுத்ததை நோக்கி வேதிப்பொருளைக் கசியவிடுகிறது. ஒரே நாற்றம் விடாமல் வந்தால், கசிந்த பொருளே திரும்பி வந்து கசிவைக் குறைக்கச் சொல்கிறது. நல்ல காற்றில் நின்றால் கசிவு மீளும். மேலாளர் இதைப் படித்ததில்லை. ஆனாலும் தெரிந்தேதான் டீ கொடுத்திருக்கிறார்.

“சார், மலையடி வரைக்கும் போயிட்டு வரலாங்களா? காத்து அங்கிருந்துதான் வீசுது. வந்து மறுபடி பாருங்க,” என்றேன்.

“இந்த வெயில்ல எதுக்குங்க சார்?” என்றார் மேலாளர். அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு ஜீப்பில் ஏறச் சொன்னார்.

மலையடியில் சும்மா நின்றோம். அவர் போன் பேசி முடித்ததும் திரும்பினோம். கிணற்றருகே இறங்கியவர் இரண்டடிகூட வைக்கவில்லை. குனிந்து, குடித்த டீயை எங்கள் வரப்பிலேயே கக்கினார்.

“பித்தங்க சார்,” என்றார் மேலாளர்.

“யோவ், வாய மூடுய்யா.”

ஓட்டுநர் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டில்களில் நிரப்பினார். முடிவு வரும்வரை யாரும் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்றார் அதிகாரி, கைக்குட்டைக்குள்ளிருந்து.

“மாட்டுக்குங்க?” என்று அப்பா கேட்டார்.

ஜீப் கிளம்பிவிட்டது.