நல்ல சுவருக்கு முன்னால்

விரிசல் அக்கா எங்கே என்று கேட்டால் அந்தத் தெருவில் எந்தக் குழந்தையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நிறுத்திவிடும். ஐம்பத்திரண்டு வயது, கழுத்தில் கேமரா, தோள்பையில் ஒரு சாண் நீள இரும்பு ஸ்கேல், கையில் டார்ச். கட்டடக் கம்பெனி ஒன்றுக்காக வீடு வீடாகப் போய்ச் சுவர் விரிசல்களைப் படம் எடுப்பது அவள் வேலை. வேறு யாருக்காவது இப்படி ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்கள். அக்காவோ போனிலும் அந்தப் பெயரிலேயே பதிவு செய்துகொள்ளச் சொல்வாள்.

தெருக்கோடியில் இருந்த மரக்கடைக் கிடங்கை இடித்துவிட்டு இருபத்திரண்டு மாடிக் கட்டடம் எழும்பப் போகிறது. அதற்கு மூன்று மாடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்ட வேண்டும். தோண்டினால் சுற்றியுள்ள பழைய வீடுகள் அதிரும், சுவர் விட்டுப்போகும். உங்களால்தான் வந்தது என்று வீட்டுக்காரர் குதிப்பார், ஏற்கெனவே இருந்ததுதான் என்று கம்பெனி கையை விரிக்கும். இந்த வம்பைத் தவிர்க்கத்தான் பள்ளம் தோண்டுவதற்கு முன்பே அக்கா வருகிறாள். சுவருக்கு ஒரு பக்கம் என்று அறிக்கை எழுத வேண்டும், பக்கத்துக்கு ஒரு படம் ஒட்ட வேண்டும். விரிசல் இருந்தாலும் பக்கம் உண்டு, இல்லாவிட்டாலும் உண்டு. படத்தில் சுவர், அதன்மேல் வைத்த ஸ்கேல், மூலையில் தேதி ஆகிய மூன்றும் இருந்தாக வேண்டும். தேதியைக் கேமராவே போட்டுவிடும். ஸ்கேல் இல்லாத படத்தை ஆபீஸில் சீண்டக்கூட மாட்டார்கள். எவ்வளவு கிட்டத்தில் எடுத்தது, மெல்லிய கீறல் இருந்தால்கூடத் தெரியுமா என்று சொல்வது அந்த ஸ்கேல்தானே.

இன்னொரு விதியும் உண்டு. கம்பெனிக் கேமராவில் மனிதர்கள் விழக் கூடாது. எங்கள் வீட்டுப் பெண்களை எதற்கு எடுத்தீர்கள் என்று எங்கோ ஒருவர் வழக்குப் போட்டதிலிருந்து அது கறாரான விதி. அக்கா சேர்ந்த இரண்டாம் வாரமே அதைக் காற்றில் பறக்கவிட்டாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. இந்த வேலைக்கு வருமுன் இருபது வருடம் ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்தவள். முகத்தைப் பார்த்துப் பழகிய கண். ஸ்டுடியோ மூடியதும் இந்த வேலைக்கு வந்தாள். வந்து பார்த்தால் கதவைத் திறக்கவே ஆள் இல்லை. சுவரைப் படம் எடுக்க வந்திருக்கிறேன் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? வீட்டை அளந்துகொண்டு போய் இடித்துவிடுவார்களோ என்ற பயம் பாதி, வீட்டின் கிழிசல் வெளியே தெரிந்துவிடுமே என்ற வெட்கம் மீதி. விரிசல்மேல் காலண்டரை மாட்டிவிட்டு, "எங்க வீட்டுச் சுவரு எல்லாம் கல்லு மாதிரி" என்பார்கள்.

அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். போனதும் ஸ்கேலைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டாள். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல எல்லாரும் ஒண்ணா நில்லுங்க, ஒரு படம் எடுக்கறேன். வீட்டுலயே எந்தச் சுவரு நல்லா இருக்கோ அதுக்கு முன்னாடி நில்லுங்க" என்பாள். அவ்வளவுதான், வீடே தலைகீழாகிவிடும். அம்மாக்கள் தலை வாரப் போவார்கள், அப்பாக்கள் சட்டை தேடுவார்கள். முறைத்துக்கொண்டிருந்த மாமியாரும் மருமகளும் தோளோடு தோள் நிற்பார்கள். மறுநாள் அக்கா தன் கைக்காசில் பிரிண்ட் போட்டுக் கொண்டு வந்து கொடுப்பாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பீரோவை நகர்த்தச் சொன்னாலும் நகர்த்துவார்கள், பரணில் ஏறச் சொன்னாலும் ஏறுவார்கள்.

ஒவ்வொரு படத்திலும் தனக்கென்று ஒரு பிரதி போட்டு வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். சைக்கிள் கடைக்காரர் ஆறு பேரக்குழந்தைகளோடு நிற்கிற படம் உண்டு. அவர் கடை இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். அச்சகத்து அண்ணன் தம்பி இருவரும் மையோடு நிற்கிற படம் உண்டு. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று குடிபோய்விட்டார்கள். தெரு மாற மாற டப்பா நிறைந்தது. இதில் அவளுக்கு ரகசியமாக ஒரு கர்வமே உண்டு. பஸ் ஓட்டுகிற அவள் கணவர்தான் கிண்டல் செய்வார். "ஊர்ல இருக்கற சுவரெல்லாம் பார்த்தாச்சு. நம்ம வீட்டு சமையல்கட்டுச் சுவரு பொளந்து கிடக்கு, அதுக்கு எப்பம்மா வருவீங்க?" அக்கா சளைக்காமல், "அதுக்கு முன்னாடி நீங்க தலை வாரிட்டு வந்து நில்லுங்க, வரேன்" என்பாள்.

தையற்காரர் வீட்டுக்கு அவள் போனது பள்ளம் தோண்ட ஒரு மாதம் முன்பு. முன்னறையில் தையல் மெஷின், அதுதான் கடை. உள்ளறையில் குடித்தனம். உள்ளறையின் மேற்குச் சுவருக்கு அப்போதுதான் வெளிர்பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். தையற்காரரும் மனைவியும் அதற்கு முன்னால், இடையில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு, கல்யாணமான புதிதில் நின்ற மாதிரி விறைத்து நின்றார்கள்.

"அந்த டேப்பைக் கழட்டி வைங்களேன். போட்டோவுலயுமா அது?" என்றாள் மனைவி. அளவெடுக்கும் டேப் அவர் கழுத்திலேயே கிடந்தது.

"இது இல்லாம நின்னா சட்டை இல்லாம நிக்கற மாதிரி இருக்கு. இருக்கட்டும் விடு."

அக்கா சிரித்துக்கொண்டே கிளிக் செய்தாள். பிறகு டீ வந்தது, பேச்சு வளர்ந்தது. ஸ்கேலை எடுத்துக்கொண்டு முன்னறையை முடித்தாள், உள்ளறையின் மற்ற மூன்று சுவர்களை முடித்தாள், கிளம்பிவிட்டாள். மேற்குச் சுவரை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்று அவள் கை நினைத்துக்கொண்டது. அறிக்கையில் அந்த ஒரு சுவருக்கு மட்டும் பக்கம் இல்லை.

பதினோரு மாதம் கழித்து அந்தச் சுவர்தான் விட்டுப்போனது. உத்தரத்திலிருந்து தரைவரை, விரல் நுழைகிற அகலத்துக்கு. கம்பெனி இன்ஜினியர் வந்து பார்த்தார், அறிக்கையைப் புரட்டினார், உதட்டைப் பிதுக்கினார். பக்கம் இல்லாத சுவர் என்றால் பார்க்காத சுவர். பார்க்காத சுவரில் இருப்பது பழைய விரிசல். பழைய விரிசலோடு நிற்கிற வீடு ஏற்கெனவே பலவீனமான வீடு. ஆபத்து என்று எழுதி மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்வார்கள். வீடு போனால் கடையும் போச்சு. புதிய விரிசல் என்று நிரூபணமானால் மட்டும் கம்பெனி முட்டுக்கொடுத்துச் சுவரைப் புதிதாகக் கட்டித் தர வேண்டும்.

தையற்காரரின் மனைவி அக்காவைத் தேடி வந்தாள். சத்தம் போடவில்லை. "நீங்க பார்த்தீங்கல்லக்கா, அது நல்ல சுவருதானே?" என்று மட்டும் கேட்டாள். தன் மறதியால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரப்போகிறது என்ற நினைப்பே அக்காவைப் பிடுங்கித் தின்றது. அன்று சாயங்காலம் டப்பாவைத் திறந்து அந்தப் படத்தைத் தேடி எடுத்தாள். பச்சைச் சுவர், மாசு மருவில்லாமல். மூலையில் தேதி.

கணவர் எட்டிப் பார்த்தார். "இதைக் கொண்டு போய்க் குடுத்தா உன் வேலைக்கு நீயே வேட்டு வெச்சுக்கற மாதிரி. மனுஷங்கள எடுக்கக் கூடாதுன்னு கையெழுத்து வேற போட்டிருக்க."

"போட்டிருக்கேன். என்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. வேலை போனா சமையல்கட்டுச் சுவத்தையாவது பார்ப்ப" என்றார் அவர். அது அவர் சம்மதம் சொல்கிற விதம்.

மறுநாள் காலை தையற்காரர் வீட்டு உள்ளறையில் வைத்தே இன்ஜினியரிடம் படத்தை நீட்டினாள். "சார், அந்தப் பக்கத்தை விட்டது என் தப்பு. மனுஷங்கள எடுத்ததும் என் தப்புதான். ரெண்டையும் எழுதித் தரேன். ஆனா சுவத்தைப் பாருங்க."

இன்ஜினியர் அவள் மகன் வயதுக்காரர், கெட்டவர் இல்லை, விதியை மீறத் தெரியாதவர். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தேதி இருக்கு. சுவரு இருக்கு. ஸ்கேல் இல்லையேக்கா. ஸ்கேல் இல்லாத படம் செல்லாதுன்னு புதுசா சேர்றவங்களுக்குப் பாடம் எடுக்கறதே நீங்கதான்."

இது நிஜமாகவே அக்காவுக்குத் தோன்றியிருக்கவில்லை. தன் வேலையும் போய் இவர்கள் வீடும் போகுமா? படத்தை வாங்கி முறைத்துப் பார்த்தாள். தையற்காரர் ஓரமாக நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் கழுத்து டேப்பை உருவிக்கொண்டிருந்தார். அக்கா அவர் கழுத்தைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். திரும்பவும் கழுத்தைப் பார்த்தாள்.

"சார், உங்க கைல லென்ஸ் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"அண்ணன் கழுத்துல என்ன தொங்குதுன்னு பார்த்துச் சொல்லுங்க."

இன்ஜினியர் குனிந்து படத்தின்மேல் லென்ஸ் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பதினாறு, பதினேழு, பதினெட்டு என்று முணுமுணுத்தார். எண்கள் மட்டுமல்ல, எண்ணுக்கு எண் நடுவே இருந்த பொடிக் கோடுகளும் தெரிந்தன.

"பொடிக் கோட்டையே எண்ண முடியுது. பின்னாடி சுவத்துல விரல் நுழையற விரிசல் இருந்தா தெரியாமப் போயிருக்குமா?" என்றாள் அக்கா. அவள் குரல் பழையபடி நிமிர்ந்துவிட்டது.

"ஆள் மறைச்சிருக்கலாமே. இவங்க நின்ன இடத்துக்குப் பின்னாடி இருந்திருந்தா?"

"அப்ப நிக்கச் சொல்லுங்க. அதே இடத்துல, அதே மாதிரி."

கணவனும் மனைவியும் போய் நின்றார்கள். அக்கா படத்தைப் பார்த்துப் பார்த்து, அரையடி இந்தப் பக்கம், தோளை இறக்குங்க என்று நிறுத்தினாள். விரிசல் உத்தரத்திலிருந்து இறங்கி, இருவருக்கும் நடுவே இருந்த இடைவெளி வழியாகத் தரைக்குப் போனது. பழைய படத்தில் அந்த இடைவெளியில் வெறும் பச்சைதான் இருந்தது.

அக்கா தன் கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றி இன்ஜினியர் கையில் வைத்தாள். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டணும் சார். இதை நீங்க எடுங்க. நான் எடுத்தா விதி மீறினதா ஆயிடும்."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனார். படம் எடுக்கிற எல்லோருக்கும் வருகிற பழக்கம் அவருக்கும் வந்தது. "கொஞ்சம் சிரிங்க" என்றார்.

"விரிசலை வெச்சுக்கிட்டு எப்படி சார் சிரிக்கறது?" என்றாள் தையற்காரரின் மனைவி. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணீரும்.

மூன்று வாரத்தில் சுவருக்கு முட்டுக் கொடுத்தார்கள், அடுத்த மாதம் புதிதாகக் கட்டினார்கள். அக்காவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கூடவே, டப்பாவில் உள்ள மற்ற முந்நூற்றுப் பதினொரு படங்களின் பிரதிகளையும் அந்தந்த வீட்டுக்கு ஆதாரமாக வைத்துக்கொள்ள அலுவலகத்தில் ஒப்படைக்கும்படி இன்ஜினியர் கையெழுத்திட்ட இன்னொரு தாளும் வந்தது. அக்கா இரண்டையும் கணவரிடம் வாசித்துக் காட்டினாள்.

தையற்காரர் வீட்டு அறிக்கையில் விடுபட்ட பக்கமும் இப்போது இருக்கிறது. இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கின்றன. படம் எடுத்தவர் என்ற இடத்தில் முதல் படத்துக்கு அக்காவின் கையெழுத்தும் இரண்டாவதற்கு இன்ஜினியரின் கையெழுத்தும். அளவுகோல் என்ற கட்டத்தில் இன்ஜினியர் தன் கையாலேயே எழுதியிருக்கிறார்: வீட்டுக்காரர் கழுத்தில் உள்ள டேப்.