சித்தி கைகட்டிப் பார்த்த வெளிநாடு

என் சித்தி அழகு நிலையம் நடத்துகிறவர். உள்ளே வருகிற பெண்ணிடம் முடியை எப்படி வெட்ட வேண்டும் என்று அவர் கேட்டதே கிடையாது. நாற்காலியைச் சுழற்றி, கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார வைப்பார். "நுனி மட்டும்..." என்று யாராவது வாயைத் திறந்தால், "உன் மூஞ்சிய நீ பாக்குறியா, நான் பாக்குறேனா? தலையக் குனி" என்பார். வேலை முடிந்த பிறகுதான் கண்ணாடி. சிலர் சிரிப்பார்கள், சிலர் அழுவார்கள். ஆனால் எல்லோரும் திரும்ப வருவார்கள். தெருவில் வேறு கடை இல்லை.

பிறகு வேறு கடை வந்தது. வைத்தவள் வேற்றாள் இல்லை. சித்தியிடமே தரையில் கிடந்த முடியைக் கூட்டி, அப்புறம் கத்தரி பிடிக்கக் கற்றுக்கொண்டவள். நேர் எதிரே, குளிர்சாதன வசதியோடு திறந்தாள். வாசலில் 'வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர்' என்று பலகை. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ். சித்தியின் வாடிக்கைக்காரிகள் ஒவ்வொருவராகச் சாலையைக் கடந்தார்கள். அவர்கள் இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் கடப்பதை, காலியாகிப்போன நாற்காலியில் தானே உட்கார்ந்து சித்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர்ச் சங்கம் தொழில் மற்றும் பண்பாட்டுப் பரிமாற்றக் குழு ஒன்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடிவு செய்தது. குழுவில் ஏற்கெனவே இருந்தவர்கள் சங்கத் தலைவர், அவருடைய மனைவி, அவருடைய மச்சான். தலைவர் சிமெண்ட் வியாபாரி. மச்சான் காப்பீட்டு முகவர். குடும்பச் சுற்றுலா என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதற்காகச் சித்தியைச் சேர்த்தார்கள். பல வருடம் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்த என்னை மொழிபெயர்க்க இழுத்துக்கொண்டார்கள். அங்கே அவரவர் தொழிலில் பயிற்சி, முடிந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு சான்றிதழ் உண்டு என்று அந்த ஊர்ச் சங்கத்தின் அழைப்பில் இருந்தது.

"ஊரு பாக்கணும்னு எனக்கு ஆசை இல்லடி" என்றார் சித்தி. "அந்தக் காகிதம் வேணும். அவளோடத விடப் பெருசா இருந்தா இன்னும் நல்லது."

தொழிலுக்கு ஆள் கிடைத்துவிட்டது. பண்பாட்டுக்குத்தான் ஆள் இல்லை. ஒருவருக்கும் ஆடத் தெரியாது, பாட வராது. தலைவரின் மனைவி கைப்பேசியில் தேடி ஒரு நடனத்தைக் கண்டுபிடித்தார். "இது நம்ம ஆட்டம்தானாக்கா?" என்று மச்சான் இழுத்தார். "அவங்களுக்கு என்னய்யா தெரியப்போவுது?" என்றார் தலைவர். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

போன ஊரில் எங்களை வீட்டுக்கு ஒருவராகப் பிரித்துத் தங்க வைத்தார்கள். பகலில் அவரவர் தொழில் நடக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். மச்சான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் சுழல் நாற்காலியில் தினமும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். தலைவர் முதல் நாள் ஒரு தொழிற்சாலை வாசலில் படம் எடுத்துக்கொண்டு, மறுநாளிலிருந்து மனைவியோடு கடைவீதியை ஆராய்ந்தார்.

சித்திக்குக் கிடைத்தது பெரிய அழகு நிலையம். அதன் முதலாளி நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர், தலையில் பொட்டு முடி கிடையாது.

"இந்த மொட்டையா எனக்குச் சொல்லித்தரப் போறான்?"

"உங்களிடம் கற்றுக்கொள்ள ஆவலாக இருக்கிறாராம்" என்று நான் மொழிபெயர்த்தேன்.

அவர் மலர்ந்துபோய் விதியைச் சொன்னார். பார்க்கலாம், கேட்கலாம், குறிப்பெடுக்கலாம். வாடிக்கையாளரை மட்டும் தொடக் கூடாது. பயிற்சிக் காலம் முழுக்க அப்படி இருந்தால் கடைசி நாள் அவர் கையெழுத்துப் போடுவார். சித்தி ஓரத்து முக்காலியில் அமர்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டார்.

அது தவம். அங்கே ஒரு பெண் உள்ளே வந்தால் முதலில் தேநீர். அப்புறம் படப் புத்தகம். அப்புறம் முதலாளி எதிரே அமர்ந்து, இந்த முடி உங்களுக்கு என்ன உணர்வைத் தர வேண்டும் என்று விசாரிப்பார். சித்திக்கு மூச்சு முட்டியது. "மயிர வெட்டுறதுக்குப் பொண்ணு பாக்க வந்த மாதிரி என்னடி இவ்ளோ பேச்சு?" பல் தெரியப் புன்னகைத்துக்கொண்டேதான் சொல்வார். "நிதானம் பிடித்திருக்கிறதாம்" என்பேன். வீடு திரும்பும் வழியில் விரல்களைச் சொடுக்கெடுத்துக்கொண்டே வருவார். இருந்தாலும் தாக்குப் பிடித்தார். நடனப் பயிற்சியில் தலைவரின் மனைவி தன் காலை மிதித்தபோதுகூடக் கோபப்படவில்லை.

கடைசி நாள் மாலை பிரிவுபசார விழா. அன்று காலை அழகு நிலையத்துக்கு வந்தவர் அந்த ஊர்ச் சங்கத் தலைவரின் மனைவி. விழாவில் எங்களை வாழ்த்திப் பேசப்போகிறவர். தோள் வரை தளர்ந்து விழுகிற முடி. விரற்கடை அளவு நுனி மட்டும் வெட்டினால் போதும் என்றார். அதற்கும் தேநீர் வந்தது, படப் புத்தகம் வந்தது. முதலாளிக்குத் தொலைபேசி அழைப்பு வர, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பின்னறைக்குப் போனார்.

சித்தி எழுந்தார்.

"சித்தி, வேணாம். இன்னிக்கு ஒரு நாள்தான். சும்மா உக்காருங்க."

"இவ்ளோ நாள் உக்காந்துட்டேன்டி. இந்த மூஞ்சிக்குத் தோள் வரைக்கும் எதுக்கு முடி? கழுத்தே தெரியல பாரு."

நாற்காலி சுழன்றது. அந்தப் பெண்மணி இதுவும் பண்பாட்டுப் பரிமாற்றத்தில் ஒரு பகுதி என்று நினைத்திருக்க வேண்டும், ஆனந்தமாகச் சிரித்தார். சிரித்த முகத்தைச் சித்தி ஒரு கையால் குனிய வைத்தார். மறு கையில் கத்தரி. நான் பின்னறைக்கு ஓடி முதலாளியை இழுத்துக்கொண்டு வருவதற்குள் ஒரு பக்கக் காது முழுதாக வெளியே வந்திருந்தது. ஒரு பக்கத்தோடு நிறுத்த முடியாது என்பதால் மறுபக்கத்தையும் முடிக்க விட்டார்கள்.

கண்ணாடி பார்த்தவர் இரண்டு காதையும் தொட்டுப் பார்த்தார். பிறகு, "வித்தியாசமாக இருக்கிறது" என்றார். அந்த ஊரில் அதைவிடக் கடுமையான வசை கிடையாது. இது சித்தியின் மேதைமையை மொட்டைத் தலையர் உணர்ந்துகொண்ட கதையாக முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த வெட்டு உண்மையிலேயே நன்றாக இல்லை. மழையில் நனைந்த கோழி மாதிரி இருந்தது.

சித்தி முதலாளியின் முன்னால் நின்றார். அப்போது மட்டும் புன்னகைக்கவில்லை. "அந்தக் காகிதம் இல்லாம நான் எப்படி எங்க தெருவுல போய் இறங்குறது? நீங்க எத வேணா எழுதுங்க, கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க. கேளுடி, அவர்ட்ட."

இதை மட்டும் ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன். அவர் சித்தியின் கையைக் குலுக்கி, வருங்காலம் சிறக்க வாழ்த்தினார். மாட்டேன் என்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

விழாவில் அந்தப் பெண்மணி தலையில் பட்டுத் துணி கட்டிக்கொண்டு வாழ்த்துரை வழங்கினார். தூங்கிய மச்சானுக்குச் சான்றிதழ் கிடைத்தது. தொழிற்சாலைக்குள் காலே வைக்காத தலைவருக்கு இரண்டு, ஒன்று தலைமைப் பண்புக்காக. எங்கள் நடனத்துக்கு எழுந்து நின்று கை தட்டினார்கள். சித்தி வெறுங்கையோடு ஆடிவிட்டு இறங்கினார். "மானத்த வாங்கிட்டியேம்மா" என்று விமானம் ஏறும் வரை தலைவர் பொருமினார்.

ஊர் திரும்பிய மறுநாள் எதிர்க்கடைக்காரி சாலையைக் கடந்து வந்தாள். "எங்கக்கா மாட்டியிருக்கீங்க?" என்று சான்றிதழைத் தேடிச் சுவரைக் கண்ணால் துழாவினாள்.

"தரல."

"ஏன்க்கா?"

"ஒருத்திக்கு முடி வெட்டிட்டேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அக்கா! அங்க போய் யாராவது வெட்டுவாங்களா? நான் பயிற்சி முழுக்கக் கத்தரியையே தொடல. முக்காலியில பொம்மை மாதிரி உக்காந்திருந்தேன், குடுத்துட்டாங்க."

அவள் போனதும் சித்தி பலகை எழுதுகிறவரைக் கூப்பிட்டனுப்பினார். இப்போது கடை வாசலில் 'வெளிநாட்டுப் பிரமுகர் மனைவிக்கு முடி திருத்தியவர்' என்று தொங்குகிறது. பொய்யில்லை. எதிர்க்கடைக்காரியால் அப்படி ஒரு பலகை வைக்கவும் முடியாது. முதலில் வந்தவள் பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் ஆசிரியை. "அந்தம்மாவுக்கு வெட்டின மாதிரியே வெட்டுங்க" என்றாள். அடுத்து வங்கிக்காரி, அவள் தங்கை, தங்கையின் மாமியார். இப்போது எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் நனைந்த கோழியாக நடமாடுகிறார்கள். ஒருத்தி முகத்திலும் சந்தோஷம் இல்லை. ஆனால் முன்கூட்டிச் சொல்லி வைக்காமல் போனால் சித்தியிடம் இடம் கிடைப்பதில்லை.