நுருங்ஜிக்கு உருள இடமில்லை

யாங்ஹி அக்காவுக்குப் பாம்பென்றாலே ஆகாது. அப்படிப்பட்டவர் தலையில் ஒரு பாம்பைக் கட்டிவிட்டுத்தான் மகன் தேயுல் பட்டாளத்துக்குப் போனான். எங்கள் நாட்டில் பையன்கள் எல்லோருக்கும் உள்ள கட்டாயச் சேவை, ஒன்றரை வருஷம். எங்கள் சுன்சோன் ஊர்ச் சந்தைத் தெருவில் அக்காவுக்கு நூடுல்ஸ் கடை. பக்கத்திலேயே எனக்கு, வீட்டுத் தரையைச் சூடாக்கும் பாய்லரைப் பழுது பார்க்கும் கடை. அக்கா வீட்டு பாய்லருக்கு வைத்தியம் பார்த்தே எனக்குப் பாதி முடி கொட்டிவிட்டது.

பாம்பின் பெயர் நுருங்ஜி, அதாவது சட்டியில் அடிப்பிடித்த சோறு. நிறமும் அதேதான். விஷமில்லாத, கை நீளக் குட்டி மலைப்பாம்பு. கிளம்பும்போது தேயுல் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"அம்மா! அப்பா போனப்புறம் எனக்குன்னு நான் வச்சுக்கிட்டது இது மட்டும்தான். யாருக்கும் குடுத்துடாதீங்க."

"சரி சரி, பஸ் கிளம்புது, ஏறு" என்றார் அக்கா.

ஜனவரியில் மைனஸ் பதினெட்டு டிகிரி. கண்ணாடிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும், கரண்ட்டில் சூடாகும் சின்னப் பாய் ஒன்றை மகன் பொருத்தியிருந்தான். ஒயர் எரிந்து வீடே போய்விடும் என்று அக்கா அதைப் பிடுங்கிப் போட்டார். பெட்டியைத் தூக்கி, தரையிலேயே அதிகம் சுடும் மூலையில் வைத்துப் போர்வையும் போர்த்தினார். தரைக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாய் அங்கேதான் தொடங்குகிறது. எங்கள் வீடுகளில் விருந்தாளிக்கும் பெரியவர்களுக்கும் உள்ள இடம் அது. வெளியே போனவருக்காக எடுத்துவைக்கும் சோறும் அங்கேதான் மூடியிருக்கும். அந்த இடத்தைப் பாம்புக்குக் கொடுத்தார் என்றால் அக்காவின் மனசு இறங்கிவிட்டது என்று அர்த்தம். நான்கூட நெகிழ்ந்துபோனேன், மடையன்.

நுருங்ஜி சாப்பாட்டை நிறுத்தியது. மூன்று வாரம் எலியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. எந்நேரமும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் சுருண்டு கிடந்தது.

"குளிருதுபோல தம்பி, இன்னும் கொஞ்சம் ஏத்திவிடு."

என் கையாலேயே பாய்லரை ஏற்றிவிட்டேன். நாலாவது வாரம் பாம்பின் வயிறு சிவந்துவிட்டது. அக்கா கடையில் மாவு பிசைந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது செத்துப்போச்சுன்னா அவன் மொகத்துல எப்படி முழிப்பேன்?"

"தேயுல் என்ன சொல்றான்?"

"அதப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. எம்மேல அவ்வளவு நம்பிக்க."

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. அக்கா பாம்பைப் பார்த்துக்கொண்டே பெட்டிக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கிப்போயிருக்கிறார். மத்தியானம் நான் போனபோது எதிர்ச் சுவரோரம் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தார். முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

"தம்பி, நான் படுத்தது அங்க. முழிச்சது இங்க."

"தூக்கத்துல உருண்டிருப்பீங்க. ஒடம்பு அப்படி."

"வாய மூடு. சூடு தாங்காம உருண்டிருக்கேன். இது எங்க போய் உருளும்? பெட்டி பூரா அடுப்பு! அதான் பாவம், தண்ணிக்குள்ள போய்க் கெடக்கு." பிறகு என்னை முறைத்தார். "இருபது வருஷமா பாய்லர் பாக்குற, உனக்குமா தோணல?"

முதல் வேலையாகப் போய் பாய்லரைக் குறைத்தேன்.

அன்றைக்கே பெட்டியை மர அலமாரிக்கு ஏற்றினோம். நான் ஒயரைச் சோதித்துப் பழைய பாயை அதே பக்கத்தில் பொருத்தினேன். இரண்டு முனைக்கும் தனித்தனி வெப்பமானி வைத்தேன். ஒரு பக்கம் முப்பத்திரண்டு டிகிரி, மறுபக்கம் இருபத்தாறு. எங்கே இருப்பது என்பது நுருங்ஜியின் விருப்பம். முதல் நாளே கிண்ணத்தைவிட்டு வெளியே வந்தது. பகலில் சூட்டுப் பக்கம் கொஞ்ச நேரம் கிடக்கும், பிறகு நகர்ந்து போகும். வயிற்றுச் சிவப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. பதினோராம் நாள் எலியை லபக்கென்று விழுங்கியது. அக்கா தெருவுக்கு ஓடிவந்து என் முதுகில் ஓங்கி அடித்தார். அந்தச் சந்தோஷத்தில் விழுந்த அடி இரண்டு நாள் வலித்தது.

மூன்று நாள் கழித்து, பட்டாளத்தில் போன் பேச விடும் சாயங்கால நேரத்தில், அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு மகனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். துணைக்கு நானும் பக்கத்தில் இருந்தேன்.

"திட்டுறதுன்னா திட்டுடா."

"இல்லம்மா..." என்றான் தேயுல். "நீங்க எப்பவோ அத யாருக்காவது குடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன். கேட்டா ஆமான்னுடுவீங்களோன்னு பயந்துதான் கேக்கவே இல்ல."

நம்பிக்கை என்று இத்தனை நாள் அக்கா நினைத்திருந்தது வெறும் பயம். அவருக்கு வலித்தது, பார்த்துக்கொண்டிருந்த எனக்கே வலித்தது. போனை என் கையில் திணித்துவிட்டுப் போய் அலமாரியில் இருந்த பெட்டியைத் திறந்தார். அதுவரை கையுறை இல்லாமல் பாம்பைத் தொட்டதே கிடையாது. வெறுங்கையால் எடுத்தார். நுருங்ஜி நிதானமாக அவர் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது.

"எடு தம்பி படத்த, சீக்கிரம்!"

எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

'அம்மா, கண்ணத் தெறந்துக்கிட்டு இன்னொண்ணு அனுப்புங்க.'