மோதினாரிடம் போனைக் கொடு

மருதமுனையில் ஜவுபர் சேரிடம் ஆறுதல் தேடிப் போகிறவர்கள் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். கல்யாணத்தன்று மழை வருமா என்றாலும் சரி, ஆசுபத்திரியில் கிடக்கிறவருக்கு எப்படி என்றாலும் சரி, "எனக்குத் தெரியா, கேட்டுப் பாத்துச் சொல்றன்" என்பார். சொன்னபடி மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்க் கேட்டும் வருவார். பென்சன் எடுத்த மனுசனுக்கு இது என்ன வியாதி என்று ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும், வியாதி பிடித்த கதை ஊருக்குத் தெரியாது.

இலங்கையின் கிழக்குக் கரையில் சண்டை மறுபடி மூண்ட காலம் அது. ஜவுபர் வளைகுடா நாடொன்றில், தூதரகத்தின் தொழிலாளர் பிரிவில் இருந்தார். அங்கே தமிழ் தெரிந்த ஒரே உத்தியோகத்தர் அவர்தான். தினமும் காலையில் கொழும்பிலிருந்து சிங்களத்தில் ஓர் அறிக்கை வரும். அதைத் தமிழாக்கிப் பலகையில் குத்த வேண்டும். எங்கே எது வெடித்தாலும் கடைசி வரி மட்டும் மாறாது: 'நிலைமை கட்டுப்பாட்டில் உள்ளது.' அந்த வரியை ஜவுபர் மூலத்தைப் பார்க்காமலே எழுதுவார். அவருக்கே அதில் துளி நம்பிக்கை கிடையாது.

அவர் நம்பிய செய்தி ஒன்றே ஒன்று. அங்கே ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை, ஊரில் அப்போது மூன்றரை. மனைவி நபீஸாவின் மொபைலுக்கு அந்நேரம் பார்த்து அழைப்பார். வீட்டுக்கு அடுத்த வளவு பள்ளிவாசல், அதற்கப்பால் கடல். ஆதம்பாவா மோதினார் மைக்கில் இரண்டு தரம் இருமிவிட்டுத்தான் பின்னேரத் தொழுகைக்கு அழைக்கும் அஸர் பாங்கைத் தொடங்குவார். அந்த இருமல் காதில் விழுந்தால் ஜவுபருக்குச் சோறு இறங்கும்.

சாப்பிட்ட கையோடு தூதரகத் தங்குமிடத்துக்குப் போவார். அங்கே சாய்ந்தமருது ஊர்க்காரி ஜெனூபா காத்திருப்பாள். வேலை பார்த்த வீட்டில் அயன் பெட்டியால் கையில் சூடு வாங்கிக்கொண்டு ஓடிவந்த பிள்ளை. கட்டுப்போட்ட கையோடு பயணப் பத்திரம் வரும்வரை இருக்கிறாள். பலகையை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

"சேர், எங்கட பக்கம் எப்பிடி?"

"பிரச்சின ஒண்டுமில்ல தங்கச்சி. இப்பதான் ஊட்ட கதைச்சன், பாங்கும் கேட்டுது."

ஒரு செவ்வாய்க்கிழமை போனில் இருமல் இல்லை. தேன் போல ஓர் இளங்குரல் பாங்கு சொன்னது. "மோதினாருக்குத் தடிமல், தொண்ட கட்டிப் போச்சி" என்றாள் நபீஸா. ஜவுபரும் நம்பினார், போய் ஜெனூபாவிடமும் பிரச்சினை ஒன்றுமில்லை என்றார். அடுத்த நாளும் தடிமல். வெள்ளி போனது, ஞாயிறும் போனது, தடிமல் மாறுவதாகக் காணோம். ஒன்பதாம் நாள் காதை நன்றாக அழுத்திக் கேட்டார். பாங்கு முடிந்த பிறகு கடல் இரைய வேண்டுமே, அதைக் காணோம். எங்கேயோ ஓர் உழவு இயந்திரம் போனது. அவர் வீட்டுப் பக்கம் ஏது வயல்?

"நபீஸா, போன மோதினார்ட்டக் குடு. சுகம் விசாரிக்கணும்."

அவள் முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாகிவிட்டது.

"நாங்க சம்மாந்துறையில, ராத்தாட ஊட்ட இரிக்கம் மச்சான். தலைக்கு மேலால ஷெல் போச்சி. முன் கூரையில ஓடும் உடைஞ்சி போச்சி. புள்ளயளக் கூட்டிக்கு வந்துட்டன். ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல, அல்லாஹ் காப்பாத்தினான்."

"ஒம்பது நாளா? ஏன் சொல்லல்ல?"

"சொன்னா அங்கயிருந்து என்ன செய்வீங்க? சோறு தின்னாமக் கிடப்பீங்க. அந்தப் புள்ளயளுக்கு நீங்க பலகையில எழுதுறது என்ன? நான் உங்கள்ட்டத்தானே படிச்சன்."

ஜவுபருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. யார் மேல் என்று பார்த்தால், தன் மேல்தான். ஒன்பது நாளாக அந்தப் பிள்ளைக்குச் சொன்னதெல்லாம் பொய். அவளுடைய ஊரும் அதே கரைதான், வீட்டில் என்ன ஆனதோ. சோற்றுப் பார்சலை மூடிவைத்துவிட்டுத் தங்குமிடத்துக்கு விறுவிறுவென்று நடந்தார்.

"தங்கச்சி, என்னை மன்னிச்சிக்க. நான் சொன்ன ஒண்டும் சரியில்ல. எங்கட ஊட்டாக்களே ஊர உட்டுட்டாங்க. உங்கட பக்கம் எப்பிடியெண்டு எனக்குத் தெரியா. இந்தா போன், நீயே கதை. உள்ளத உள்ளபடி கேளு."

ஜெனூபா அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு இடது கையால் நம்பரை அழுத்தினாள். மணி நெடுநேரம் அடித்தது. ஜவுபர் வாய்க்குள் ஓதிக்கொண்டு நின்றார். கடைசியில் ஒரு பொம்பிளைக் குரல் எடுத்தது; அறைக்கே கேட்கும்படி உரத்த குரல்.

"மகளா? எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல மகள். ஊரெல்லாம் நல்ல சுமுகம். நீ எப்பிடி? அந்த ஊட்டாக்கள் உன்ன நல்லாப் பாக்காங்களா?"

தாய்க்குத் தெரிந்துவிடும் என்பதுபோல் ஜெனூபா கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"ஓம் உம்மா, தங்கமான ஆக்கள். எனக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல."

ஜவுபர் வாசல் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார்.