அட்டைக்குக் கீழே மூன்று பேர்

படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் இருபத்தாறு வருஷமாகக் கண்ணாடி அறுத்ததில் அவளுக்குக் ‘கண்ணாடியம்மா’ என்றே பெயர் விழுந்துவிட்டது. படத்தைச் சுற்றி அட்டை வைக்கும்போது ஓரத்திலுள்ள பொடி எழுத்துகளை மறைத்துவிடுவாள். அவளுக்கு அது அழுக்கு மாதிரி.

ஒருநாள் பல் டாக்டர் ஒருவர் பழைய படமொன்றைக் கொண்டுவந்தார். செப்புத் தகட்டில் செதுக்கி அச்செடுத்த கொக்கு.

“கீழே இருக்கிற கிறுக்கலை மறைச்சிடுங்கம்மா.”

அவர் போனபின் அட்டையை வைத்தாள். அருங்காட்சியகத்தில் படங்களுக்குப் பட்டியல் எழுதும் தங்கை மகள் அப்போதுதான் கடைக்குள் நுழைந்தாள்.

“ஐயோ பெரியம்மா, மூணு பேரை மூடப் போறீங்களே!”

“யாருடி மூணு பேரு?”

பூதக்கண்ணாடியை நீட்டினாள். இடது ஓரத்துப் பெயருக்குப் பக்கத்தில் ‘டெல்’. “வரைஞ்சவர். நடுவுல ‘இம்ப்’, அச்சடிச்சவர். வலது ஓரத்துல ‘ஸ்கல்ப்’, செதுக்கினவர். எல்லாம் லத்தீன் சுருக்கம்.”

வலது ஓரத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள் கண்ணாடியம்மா. “இது பொம்பளைப் பேருல்ல?”

“ஆமா. குடும்பப் பேரு வரைஞ்சவரோடதுதான். பொண்டாட்டியோ மகளோ, தெரியல. தகட்டுல எல்லாத்தையும் இடம்வலமா மாத்தித்தான் செதுக்கணும், தன் பேரைக்கூட.”

அவள் போனதும் கண்ணாடியம்மா ஒரு தகரத் துண்டை எடுத்து, ஊசியால் தன் பெயரை இடம்வலமாக மாற்றிக் கீறிப் பார்த்தாள். அரைமணி நேரம் மல்லுக்கட்டியும் மூன்றாம் எழுத்தில் கோணிக்கொண்டது. மறுபடி கொக்கைப் பார்த்தாள். கழுத்து இறகில் மட்டும் நூற்றுக்கணக்கான கோடுகள், மயிரிழை தப்பவில்லை. மூன்று பெயரும் தெரியும்படி அட்டையின் ஜன்னலை அரை விரல் கீழே இறக்கி வெட்டினாள்.

டாக்டர் வந்து முகம் சுளித்தார். “மறைக்கச் சொன்னேனேம்மா?”

“கிறுக்கல் இல்ல டாக்டர், ஆளுங்க. நீங்களே பாருங்க.” பூதக்கண்ணாடியைக் கையில் திணித்தாள்.

அவர் குனிந்தவர் நிமிரவேயில்லை. குனிந்தபடியே, “இந்தம்மாவுக்கு எப்படிக் கை நடுங்காம இருந்துது?” என்றார்.

“எனக்கும் அதே கேள்விதான் டாக்டர்.”

மறுநாள் மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு, எதிர்த் தெருவில் இருக்கும் வக்கீல் வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே அவள் கைப்பட ஓரத்து எழுத்தை மூடிய படங்கள் நாலு தொங்குகின்றன.

“வக்கீல் சார், உங்க படங்களை ஒருதடவை பிரிச்சுப் பார்க்கணும், விடுவீங்களா?”