பூஜைப் பலகையில் ஒரு மிக்சி பார்ட்டு

என் அத்தைக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். இதை அத்தையே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்ததால், தொம்மலூரில் அவர்கள் தெருவில் பால்காரர் முதல் துணி தேய்ப்பவர் வரை எல்லாருக்கும் தெரியும். சக்களத்திக்கு நான்கு சக்கரம், இரண்டு உருண்டைக் கண், ஒரு பெரிய மூக்கு. வெள்ளைக்காரன் காலத்துக் கார். மூக்கின் மேல் இருந்த கம்பெனிப் பெயர் எப்போதோ உதிர்ந்துவிட்டதால் பார்த்தவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். மாமா அவளைப் 'பச்சை' என்று கூப்பிடுவார்.

மாமா, அம்மாவின் சின்ன அண்ணன். ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். பச்சை லாரியில் வந்து இறங்கியபோது அவளுக்குத் தரையே இல்லை. சீட்டுக்குள் எலிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. நான்கு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளை அவளுக்கென்று எழுதிக் கொடுத்து மாமா அவளை எழுப்பி உட்கார வைத்தார். கார்புரேட்டரின் குட்டிக் குட்டிப் பித்தளைச் சாமான்களை ஒருநாள் அவர் இட்லிப் பானையில் போட்டு வேகவைத்தார். அத்தை ஒரு வாரம் இட்லியே சுடவில்லை. அந்தப் பானையைச் சக்களத்திக்குச் சீதனம் என்று சொல்லி கார் நின்ற ஷெட்டிலேயே விட்டெறிந்தாள்.

ஆனால் அந்த நான்கு வருடமும் மாமாவுக்கு டார்ச் பிடித்தது அத்தைதான். மாமா காருக்கடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, இது என்ன வேலை செய்யும், இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பாடம் நடத்துவார். "இங்க யாரு கேட்டாங்களாம்?" என்பாள் அத்தை. டார்ச் வெளிச்சம் மட்டும் இப்படி அப்படி ஆடாது.

இவ்வளவு பாடுபட்டதும் எதற்கு என்று கேட்டால், ஞாயிறு காலையில் அல்சூர் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, வழியில் காபி குடித்துவிட்டு வருவதற்கு. அவ்வளவுதான். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குக் கேட்டு வந்தவர்களை மாமா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். "நான் ஓட்றதுக்கு ரெடி பண்ண வண்டிய இன்னொருத்தன் ஓட்ட, நான் ஊட்ல குந்திக்கினு பேப்பர் படிக்கவா?" என்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சந்தாபுராவில் எங்கள் வீடு. தசரா லீவு விட்டால் அம்மா என்னை மாமா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவாள். பச்சையின் முன் சீட்டில், மாமாவுக்குப் பக்கத்து ஜன்னல் என்னுடையது. அத்தை காரில் ஏறுவதில்லை. சக்களத்தி மடியில் யாராவது உட்காருவார்களா என்பது அவள் கேள்வி.

அந்த வருடம் லீவுக்குப் போனபோது வீட்டில் காற்று வேறு மாதிரி இருந்தது. மாடியில் குடியிருந்த பெரிய மாமா, ஷெட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு ரூம் கட்டப்போவதாகச் சொல்லியிருந்தார். தொம்மலூரைச் சுற்றி ஆபீஸ்கள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். ரூம் இருக்கிறதா என்று தோளில் பையோடு தினமும் யாராவது ஒரு சாஃப்ட்வேர்ப் பையன் வந்து கதவைத் தட்டுவான். "ஒரு காரு தூங்கற எடத்துல நாலு பசங்க தூங்கலாம்டா" என்றாராம் பெரிய மாமா. தாத்தா போன பிறகு தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் அவர். அவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி மாமாவுக்குப் பழக்கமில்லை. "யாராவது ஓட்டிப் பாத்து, புடிச்சிருக்குன்னா குடுத்துடறேண்ணா" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

கொடுத்த வாக்கை மாமா மீறமாட்டார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அத்தையோ, "சனியன் ஒழிஞ்சா சரி. ஊட்டு வாசல்ல நான் ஒரு துளசியாவது வெப்பேன்" என்றாள். அத்தை மேல் எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அன்று அவள் வைத்த வத்தக்குழம்பை வேண்டாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். பிறகு சாப்பிட்டுவிட்டேன்.

பெரிய மாமா பிடித்து வந்தவர் கல்யாணங்களுக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடுகிறவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், வெள்ளை ஷூ. பச்சையைப் பார்த்ததுமே, "போட்டோக்கு சூப்பரா இருக்கும் சார். ஸ்டார்ட் ஆச்சுன்னா ஒடனே எடுத்துக்கறேன்" என்றார். அதற்கு முதல் நாள்தான் அவள் எங்களை ஏரிக்கு அழைத்துப்போய் வந்திருந்தாள். மாமா சாவியைத் திருப்பினார். பச்சை இருமினாள், முனகினாள், கிளம்பவில்லை. மாமா பானெட்டைத் திறந்து எதையோ கழற்றிப் பார்த்து, மறுபடி மாட்டிவிட்டு, "ஸ்பார்க் வரல சார்" என்றார். வெள்ளை ஷூக்காரர் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போனார்.

அதற்கடுத்த ஞாயிறு பச்சை ஒரே திருப்பலில் கிளம்பி ஏரியைச் சுற்றி வந்தாள். புதன்கிழமை வெள்ளை ஷூக்காரர் வந்தார். இருமல், முனகல், அவ்வளவுதான். பச்சைக்கு ரோஷம் இருக்கிறது, அந்நியரைக் கண்டால் மூச்சை அடக்கிக்கொள்கிறாள் என்று நான் முடிவு கட்டினேன். அன்று சாயங்காலமே அவளுடைய மூக்கில் ஒரு முத்தமும் கொடுத்தேன்.

அந்தப் புதன்கிழமைதான், கல்கண்டு இருக்குமா என்று அடுப்படியில் துழாவும்போது, அஞ்சறைப் பெட்டியில் பட்டை கிராம்புக்கு நடுவில் ஒரு கறுப்புச் சாமானைப் பார்த்தேன். என் கட்டைவிரல் அளவு இருக்கும். தலையில் ஒரு பித்தளைத் தகடு.

"மிக்சி பார்ட்டு. தொடாத" என்றாள் அத்தை, பெட்டியை வாங்கி மூடியபடி. எங்கள் வீட்டு மிக்சியிலும் கறுப்பாக ஏதாவது ஒன்று வருடத்துக்கு இரண்டு முறை உடைந்துகொண்டிருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

மூன்றாவது முறை வெள்ளை ஷூக்காரர் ஆயுத பூஜை அன்றே வருவதாகச் சொல்லி அனுப்பினார். நல்ல நாள், எடுத்துக்கொண்டே போய்விடலாம் என்பது அவர் கணக்கு. தெரு முழுக்க ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, மாப்பிள்ளை மாதிரி நின்றன. எங்கள் ஷெட்டில் பச்சைக்கும் மாலை போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. எதிரே ஒரு பலகை போட்டு, வீட்டில் வேலை செய்கிற சாமான் ஒன்று விடாமல் கொண்டுவந்து அடுக்கிப் பொட்டு வைக்கும் பொறுப்பை அத்தை என்னிடம் கொடுத்தாள். ஒன்றுகூட விடக் கூடாது என்று உத்தரவு.

நான் ஒன்றையும் விடவில்லை. மாமாவின் ஸ்பேனர்கள், சுத்தியல், அத்தையின் கத்தரிக்கோல், அரிவாள்மணை, என் ஜாமெட்ரி பாக்ஸ், பெரிய மாமாவின் ஷேவிங் செட். அது ஆயுதமா என்று யோசித்தேன். அவர் கன்னத்தைப் பார்த்தால் ஆயுதம்தான் என்று தோன்றியது. மிக்சியையும் தூக்கிக்கொண்டு வந்தேன். அப்போதுதான் அதன் பார்ட்டு நினைவுக்கு வந்தது. பாவம், அதுவும் உழைக்கிற சாமான்தானே. ஓடிப்போய் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து எடுத்துவந்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, ஸ்பேனருக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்தேன்.

மாமா கற்பூரம் காட்டும்போதுதான் அத்தை அதைப் பார்த்தாள். பொரித் தட்டோடு பலகைப் பக்கம் ஒரு எட்டு வைத்தாள். கற்பூரம் காட்டியாகிவிட்டது. பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும்வரை எடுக்கக் கூடாது. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். பொட்டு கோணலாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

சரியாக அந்த நேரத்தில் வெள்ளை ஷூக்காரர் உள்ளே வந்தார். கூடவே சிவாஜிநகரிலிருந்து ஒரு வயதான மெக்கானிக். எல்லாரும் அவரைப் பாய் என்று கூப்பிட்டார்கள். பெரிய மாமாவும் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"ஏன் சார், இன்னிக்காவது ஸ்டார்ட் ஆகுதா, இல்ல அதே கதெனா?" என்றார் வெள்ளை ஷூக்காரர்.

மாமா சாவியைத் திருப்பினார். அதே கதைதான்.

பாய் முதலில் எஞ்சினைப் பார்க்கவில்லை. பச்சையின் மூக்கிலிருந்து கதவு வரைக்கும் கையால் தடவிக்கொண்டே நடந்தார். "பெயிண்ட் யாரு அடிச்சது?" என்றார். "நான்தான் பாய்" என்றார் மாமா. "கலரு?" மாமா அத்தை நின்ற பக்கம் திரும்பினார். பாய் தலையை ஆட்டிக்கொண்டு பானெட்டைத் திறந்தார். உள்ளே ஒரு வட்ட மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தவரின் கண், பலகையின் மேல் போய் நின்றது.

பலகைக்கு முன்னால் போய்க் குனிந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்தார்.

"இது என்னா பாப்பா?"

"மிக்சி பார்ட்டு தாத்தா. நான்தான் பொட்டு வெச்சேன்" என்றேன் பெருமையாக.

மாமா ஒரு ஸ்பேனரை முறைத்துக்கொண்டிருந்தார். அத்தை பொரித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். பாய் இன்னொரு முறை மோந்து பார்த்துவிட்டு, அத்தையிடம் கேட்டார்: "இந்த மிக்சியில பிரியாணி மசாலா நெறய அரைப்பீங்களா தங்கச்சி?"

"எப்பவாவதுதாண்ணா" என்றாள் அத்தை.

பாய் மூடியை எடுத்து இருந்த இடத்தில் மாட்டி, பானெட்டைச் சத்தம் வராமல் மூடினார். "ஸ்பார்க் நை சாப். இன்னிக்கு இது கெளம்பாது."

"நாளைக்கு வந்தா?"

"நக்கோ சாப், வராதீங்க. ஒங்களுக்கு இந்த வண்டி என்னிக்கும் கெளம்பாது. நான் வேற வண்டி காட்றேன், வாங்க."

போகும்போது என் கை நிறையப் பொரியை அவரே அள்ளிக் கொடுத்துவிட்டுப் போனார். நான்தான் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். வெள்ளை ஷூக்காரர் அதன் பிறகு வரவில்லை.

எல்லாம் புரிய எனக்குப் பதினெட்டு வருடம் ஆயிற்று. நானும் பிறகு ஒரு பழைய காரை வாங்கி, அக்கம்பக்கத்தாரின் சிரிப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டேன். முதல்முறையாக அதன் வட்ட மூடியைக் கழற்றியபோது உள்ளே நின்றது அதே கறுப்புச் சாமான். தலையில் பித்தளைத் தகடு. ரோட்டார் என்று பெயர். சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பங்கு வைக்கிற வேலை அதற்கு. அதை எடுத்துவிட்டால் வண்டி இருமும், கிளம்பாது. தரையில் அப்படியே உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தேன். மூடியைத் திறந்தால் அது இல்லாதது எந்த ஃபிட்டருக்கும் முதல் பார்வையிலேயே தெரியும். மாமா அதே மூடியை இரண்டு தடவை திறந்து, பார்த்து, மூடியிருக்கிறார். "ஸ்பார்க் வரல" என்றுதான் சொன்னார். பொய் சொல்லவில்லை. அவருக்கும் அத்தைக்கும் நடுவில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட நடந்திருக்காது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்வேன்.

மறுநாள் விஜயதசமி. மறுபூஜை முடிந்து, அத்தை பலகையிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். மிக்சியை அடுப்படிக்கு அனுப்பினாள். என் ஜாமெட்ரி பாக்ஸை என்னிடம் கொடுத்தாள். ஸ்பேனர்களை மாமாவிடம் கொடுத்தாள். கடைசியில் அந்தக் கறுப்புச் சாமானை எடுத்து ஸ்பேனர்களின் மேல் வைத்தாள். மாமா வேட்டி நுனியால் பித்தளைத் தகட்டை மட்டும் துடைத்தார். நான் வைத்த பொட்டை அழிக்கவில்லை.

ஒரே திருப்பல். பச்சை உறுமிக்கொண்டு முன்னால் வர, நான்கு எலுமிச்சம்பழமும் பட் பட்டென்று நசுங்கின. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஷேவிங் செட்டை வாங்க வந்த பெரிய மாமா படியிலேயே நின்றுவிட்டார். "நேத்து ஏண்டா கெளம்பல?"

"நேத்து பூஜைல இருந்துச்சுண்ணா" என்றார் மாமா.

பெரிய மாமா தம்பியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், கதவைத் திறந்து என் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தார். பச்சை ஓட ஆரம்பித்ததிலிருந்து அவர் அவளில் ஏறியது அதுதான் முதல் தடவை. பின் சீட்டில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. அத்தை வாசலில் நின்றாள், உள்ளே போனாள், செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். "எலுமிச்சங்கா நசுங்குச்சா இல்லயான்னு நாலு பக்கமும் பாக்கணும் இல்ல" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

அல்சூர் ஏரியைச் சுற்றும்போது பெரிய மாமா இரண்டு நாள் தாடியோடு ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, கை காட்டிய பிள்ளைகளுக்கெல்லாம் மந்திரி மாதிரி கை காட்டிக்கொண்டு வந்தார். சுற்று முடிந்ததும், "இன்னொரு ரவுண்டு போடுடா" என்றார். அந்த இரண்டாவது ரவுண்டில், ரூமை மாடிக்கு மேலேயே கட்டிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கண்ணாடியில் மாமாவின் கண்கள் பின் சீட்டைத் தேடின. அத்தை ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, மிக்சி பார்ட்டு காருக்கும் சேருமா?" என்று கேட்டேன்.

"எல்லா மிக்சி பார்ட்டும் சேராது. ஒங்க அத்தை வெச்சிருக்கறது சேரும்" என்றார் மாமா. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தூசிக்காக என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை மிக்சியில் தேங்காய்ச் சட்னி அரைத்தாள். இட்லி வெந்துகொண்டிருந்தது. பார்ட்டு வெளியே காருக்குள் இருக்க, மிக்சி மட்டும் எப்படி ஓடுகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எனக்கு நல்ல பசி.