அக்காவுக்காகப் போட்ட ஓட்டு

என் கணவர் தன் மலேசிய அடையாள அட்டையைத் தபாலில் திருப்பி அனுப்பிய நாள் இன்னும் நினைவிருக்கிறது. நியூசிலாந்துக் குடியுரிமை வாங்கினால் அதை ஒப்படைத்துவிட வேண்டும். இரண்டு நாட்டுக்கும் குடிமகனாக இருக்க எங்கள் நாடு விடாது. சனிக்கிழமை காலை ஆக்லாந்தில் நாங்கள் இருக்கும் கிளென் ஈடன் கடைத்தெருவுக்கு ரொட்டி வாங்கப் போனவர், வழியில் உறையையும் போட்டுவிட்டு வந்தார். "போட்டாச்சா?" என்றேன். "ஆச்சு" என்றார். டோஸ்ட் போட்டுச் சாப்பிட்டோம்.

மறுநாள் வீடியோ காலில் இதை மலேசியாவில் ஈப்போ நகரில் இருக்கும் என் அக்காவிடம் சொன்னதுதான் நான் செய்த பைத்தியக்காரத்தனம்.  "பொறந்ததுலேருந்து அந்த நீலக் கார்டுக்கு நான் அலையறேன். ஒன் வீட்டுக்காரரு ரொட்டி வாங்கப் போற வழியில குடுத்துட்டு வந்துட்டாரா?" என்றாள். அதற்கப்புறம் ஆறு மாதம் அவரோடு பேச்சு இல்லை. இவர் திரைக்குள் தலையை நீட்டினால் அவள் ஃபோனைக் கூரைப் பக்கம் திருப்பிவிடுவாள். நானும் அவள் வீட்டு மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் நாட்டில் குடிமக்களுக்கு நீல அட்டை. தங்கியிருக்க மட்டும் அனுமதி பெற்றவர்களுக்குச் சிவப்பு. அக்காவும் நானும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அவள் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்தாள். பிறப்பைப் பதிய அப்பா டவுனுக்குப் போகவில்லை. பதினான்கு வருடம் கழித்து நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிறந்தேன். தாதியே தாளை நிரப்பி அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். எனக்கு நீலமும் அவளுக்குச் சிவப்பும் வந்தது இப்படித்தான். அம்மா விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போய்விடுவார். எனக்குத் தலை வாரி, பசியாற வைத்து, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் அக்கா. பிற்பாடு அவளே ஒரு பள்ளிக்கூட கண்டீனில் சமையலுக்குச் சேர்ந்து, என்னைப் பட்டம் வரை படிக்கவும் வைத்தாள்.

சிவப்பு அட்டைக்கு ஓட்டு இல்லை. மலேசிய பாஸ்போர்ட்டும் இல்லை. நான் ஆக்லாந்துக்கு வந்து பத்து வருடம் ஆகியும் அக்கா ஒருமுறைகூட வராததற்கு அதுதான் காரணம். என் வீட்டை அவள் ஃபோனில் பார்த்தாள். ஞாயிறு காலைகளில் நான் ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பேன். இது சமையலறை, இது துணி காயும் கொடி, இது ஃபெய்ஜோவா மரம், இது செவ்வாய்க்கிழமை வெளியே வைக்கிற குப்பைத்தொட்டி. "மரத்துக்கிட்ட கொண்டு போ. பழம் விழுந்து கெடக்குது பாரு, பொறுக்க மாட்டியா?" என்று அங்கிருந்தே அதட்டுவாள். 

இரண்டாயிரத்துப் பதினெட்டில் அங்கே பொதுத்தேர்தல் வந்தது. ஆட்சிக்கு வந்தால் நூறு நாளில் சிவப்பு அட்டைக்காரர்களின் பிரச்சினையைத் தீர்ப்போம் என்று எதிரணித் தலைவர் சொன்னார். நான் சிரித்தேன். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தேர்தல் வாக்குறுதி புதிதல்ல. ஓட்டு நெருங்கினால் லோரியில் அரிசி வரும், மேடை போடுவார்கள், எல்லோரையும் அண்ணன் தம்பி என்பார்கள். எண்ணி முடித்ததும் மேடையைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். "கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவளுக்குப் புத்தி எங்க போச்சு?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"அப்படிலாம் சொல்லாத. அந்த மனுசன் நல்லவரு. மொகத்தப் பாத்தாலே தெரியுது. இந்தத் தடவ நீ எனக்காக ஓட்டுப் போடணும்" என்றாள். அவர் படத்தைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து ஐஸ்பெட்டியில் ஒட்டியிருந்ததையும் காட்டினாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு அடிபட்டும் இப்படி நம்புகிறாளே, என்ன பிறவி இவள் என்று நினைத்தேன். ஆனாலும் தபால் ஓட்டுக்கு மனுப் போட்டேன். அக்கா என்னிடம் எதையும் கேட்டுப் பழகாதவள்.

ஓட்டுச்சீட்டு வந்தபாடில்லை. அங்கே வாக்களிப்பு புதன்கிழமை. இங்கே திங்கட்கிழமை மாலைதான் உறை தபால்பெட்டியில் விழுந்தது. இனி இதைத் தபாலில் அனுப்பினால் தேர்தல் முடிந்துதான் போய்ச் சேரும். உலகம் முழுக்க மலேசியர்களுக்கு இதே கதி. யார் எந்த ஊரிலிருந்து கோலாலம்பூருக்குப் பறக்கிறார்கள், யார் கையில் உறையைக் கொடுத்தனுப்பலாம் என்று வாட்ஸப்பில் ஆளாளுக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை விமானம் ஏறுகிற ஒருவர், காலை எட்டு மணிக்கு எல்லர்ஸ்லி ஸ்டேஷனில் நின்று உறைகளை வாங்கிக்கொள்வதாகச் செய்தி வந்தது. என் ஆபீஸ் எல்லர்ஸ்லியில்தான். குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய் காலை சமையலறை மேசையில் சீட்டில் பெருக்கல் குறி போட்டேன். சின்ன உறைக்குள் சீட்டு, பெரிய உறைக்குள் சின்ன உறையும் உறுதிமொழித் தாளும். தாளில் சாட்சிக் கையெழுத்துக்கு ஓர் இடம் இருந்தது. எங்கள் வீட்டில் எந்தத் தாள் வந்தாலும் நான் போட்டால் அவர் சாட்சி, அவர் போட்டால் நான் சாட்சி. வாடகைப் பத்திரமோ வங்கிப் படிவமோ, என்ன ஏதென்று கேட்கவே மாட்டோம். அன்றும் தாளை அவர் தட்டுக்குப் பக்கத்தில் தள்ளினேன். அவர் இடது கையில் டோஸ்ட்டை வைத்துக்கொண்டு வலது கையால் கையெழுத்துப் போட்டார். நான் ஒட்டி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

எல்லர்ஸ்லி பிளாட்பாரத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு சீனர் முதுகுப்பையோடு நின்றுகொண்டிருந்தார். பாபகூராவிலிருந்து வந்த ரயிலில் இறங்கிய இரண்டு மலாய்ப் பெண்கள் அவரிடம் உறைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர் வீடுகளில் சேகரித்து எடுத்து வந்தவை போலிருந்தது. முன்பின் தெரியாத மனிதர். என் உறையை வாங்கி, ஈரம் படாமல் பிளாஸ்டிக் பைக்குள் வைத்தார். "பத்திரம்" என்றேன் மலாயில். "என் அம்மாவின் உறையைப் போலப் பார்த்துக்கொள்வேன்" என்று அதே மொழியில் சொன்னார். அரசியல்வாதிகள் யாரையும் நம்பாத நான் அந்த ஆளை அப்படியே நம்பினேன். சொந்த ஊர்க்காரர்கள் என்ற நினைப்பே அன்று எனக்கு இனித்தது.

மாலையில் நியூமார்க்கெட்டில் ரயில் மாறி உட்கார்ந்தபோது, கைப்பையில் ஓட்டுச்சீட்டோடு வந்த விளக்கத்தாள் கிடந்தது. பொழுது போகாமல் படித்தேன். சாட்சி மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. ரயில் மவுண்ட் ஈடனைத் தாண்டிக்கொண்டிருந்தது.  பிளாட்பாரத்தில் பக்கத்தில் நின்ற மலாய்ப் பெண்களில் யாரைக் கேட்டிருந்தாலும் ஒரு நிமிடத்தில் போட்டுக் கொடுத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து அவரைப் பிடித்துக் கத்தினேன். "இத்தன வருசமா போடற கையெழுத்துதான? அதுல என்னா கொற?" என்றார். பிறகு அவருக்கும் உறைத்தது. "நான் இப்ப மலேசியன் இல்லல்ல" என்றார் மெதுவாக. அதைத் தானே இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவர் மேல் இருந்த கோபம் அப்போது பாதியாகக் குறைந்தது.

வியாழன் காலை ஆபீஸ் போகும் ரயிலில் முடிவைப் பார்த்தேன். ஆட்சி மாறிவிட்டது. அக்காவின் குரல் செய்தி ஏற்கெனவே வந்து காத்திருந்தது. "ஒன் ஓட்டு வீண் போகல பாத்தியா! நல்லா இரும்மா" என்று அழுதுகொண்டே சொன்னாள். என் ஓட்டு குப்பைக்கூடைக்குத்தான் போயிருக்கும் என்று எப்படிச் சொல்வது? அன்று சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் சொல்வதற்கு நேரமும் வரவில்லை.

அதன்பின் கொஞ்ச நாள் எங்கே திரும்பினாலும் புதுப் பிரதமர்தான். வரிசையில் நின்று சோறு வாங்குகிறார் என்று ஒரு படம், குழந்தையைத் தூக்குகிறார் என்று இன்னொரு படம். அவர் செல்வாக்கு ஏறியிருக்கிறதாம் என்று ஒரு கணக்கெடுப்பு, அதை விளக்க நாலு பேர். நேற்றுவரை மறு தரப்பைப் புகழ்ந்த அதே பத்திரிகைகள், மை காய்வதற்குள் இவரைப் புகழ்ந்தன. பாபகூராவில் ஒரு மலேசியத் தோழி வீட்டில் மாதம் ஒருமுறை கூடுவோம். ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுபோய், தரையில் உட்கார்ந்து, நாசி லெமாக்கும் வாக்குவாதமுமாக மத்தியானம் ஓடும். "நூறு நாளா? எங்க வீட்டுக் கொழா ஒழுகறத சொல்லி நூறு நாளாச்சுலா, பிளம்பரே வரல" என்பாள் அவள். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பேன். எவ்வளவு சுகமான மத்தியானங்கள் அவை! பேசிப் பேசியே நாட்டைக் கவிழ்த்துவிட்டு, மிச்சச் சோற்றைக் கட்டிக்கொண்டு வீடு திரும்புவோம்.

ஈப்போவில் அக்கா நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். நூறு நாள் வந்தது, போனது. மூத்தவர்களுக்கு முதலில் கொடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. அக்கா சேலை மாற்றிக்கொண்டு அலுவலகம் போனாள், இன்னொரு தாள் வேண்டும் என்றார்கள், கொண்டுபோனாள், காத்திருங்கள் என்றார்கள். ஒவ்வொரு ஞாயிறும் நான் பிரதமரைத் திட்டுவேன். அவளோ, "அவருக்கு எத்தன வேல இருக்கும்! செய்வாரு, நல்ல மனுசன்" என்பாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், "நீ ஏமாளி அக்கா" என்றே சொல்லிவிட்டேன். அவள் கோபப்படாமல், "பசியாறிட்டியா?" என்று கேட்டாள். அப்படிச் சொன்னதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

மறு வருடம் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரை முழுவதும் நீலமாக இருந்தது. அட்டையைக் கேமராவில் ஒட்டிவைத்துக்கொண்டு நின்றாள் அக்கா. என் கணவர் எழுந்து வந்து பார்த்தார். இந்தமுறை அவள் ஃபோனைத் திருப்பவில்லை. அப்புறம் பாஸ்போர்ட் எடுத்தாள். டிசம்பர் விடுமுறையில் ஆக்லாந்து விமான நிலையத்தில், அறுபத்து மூன்று வயதில், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். இங்கே இது வெயில் காலம் என்று சொல்லியும் நம்பவில்லை.

மறுநாள் காலை எங்கள் சமையலறை மேசையில் மூன்று பேரும் பசியாறிக்கொண்டிருந்தோம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் ஒன் ஓட்டாலதான்" என்று ஆரம்பித்தாள். என் கணவர் இருமினார். இனியும் மறைத்தால் சோறு இறங்காது என்று நானே சொல்லிவிட்டேன்: சாட்சி, கையெழுத்து, ரயிலில் படித்த தாள், எல்லாம்.

அக்கா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். திட்டு விழப்போகிறது என்று இருவரும் குனிந்துகொண்டோம். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, தேநீரைத் தள்ளிவைத்தாள்.

"அப்ப அந்த ஆளுக்கு நாம ஒன்னும் நன்றி சொல்ல வேண்டியதில்ல" என்றாள். "நூறு நாளுன்னாரு. எனக்கே நானூறு நாளாச்சு. பக்கத்து வீட்டம்மா என்னவிட மூத்தவங்க, அவங்களுக்கு இன்னும் வரல. டிவியில மட்டும் தெனம் சிரிக்கறாரு. இவரு மட்டுமா? அதுக்கு முன்னால இருந்தவரு, அதுக்கும் முன்னால இருந்தவரு..." ஒவ்வொரு பிரதமராக, ஒவ்வொரு தேர்தலாக, யார் என்ன சொன்னார்கள், யார் எந்த மேடையில் கும்பிட்டார்கள் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். ஒன்றையும் அவள் மறந்திருக்கவில்லை. என் கணவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பாபகூரா கூட்டத்தில் ஒருத்தருக்கும் இந்த வாய் கிடையாது.

"அக்கா, நீதான அவரு நல்லவரு நல்லவருன்னு சொன்ன? படத்தக்கூட ஒட்டி வச்சிருந்த?"

"சொல்லாம? என் பேப்பரு அவுங்க மேசையில கெடந்துச்சு" என்றாள். "வீட்டுக்கு யாரு வராங்க, என்னா பாக்கறாங்க, யாருகிட்ட போய்ச் சொல்லறாங்கன்னு எனக்குத் தெரியுமா? ஒனக்கென்னா, நீலக் கார்டு. நீ பேசலாம். எனக்கு அறுவது வருசமும் பயமா இருந்துச்சுடி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்னை வளர்த்த காலம் முழுவதும், தோட்டத்து மேடைகளுக்கு முன்னால் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற நாட்களிலும்கூட, அவள் ஒரு வார்த்தையையும் நம்பியிருக்கவில்லை. அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அழாத. அடுத்த தேர்தலுக்கு நானே போயி போட்டுக்கறேன்" என்றாள். "யாருக்குன்னு ஒன்கிட்டகூட சொல்ல மாட்டேன்."